பட்டியலில் ஏறாத கிணற்றுக்குப் பணம் வராது

வாசகர் கேள்வி: எங்கள் நான்கு ஏக்கர் நிலத்தின் நடுவே புதிய விரைவுச்சாலை போகிறது. அளந்து கல் நட்டுவிட்டார்கள். ஒன்றரை ஏக்கர் எடுத்துக்கொள்வார்களாம். மீதி இரண்டு துண்டாகப் பிரிந்து, கிணறு சாலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். நிலம் இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து ஒன்பது வருடம். என் கணவரும் போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நான்தான் பயிர் வைக்கிறேன். ஓர் ஏக்கரை மட்டும் ஒரு குடும்பம் பதினைந்து வருடமாகக் குத்தகைக்கு உழுகிறது. எழுத்தில் எதுவும் இல்லை. கொழுந்தனார் வெளியூரில் இருக்கிறார். "சொன்ன தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அண்ணி, இழுத்தால் இதுவும் கிடைக்காது" என்கிறார். பங்கு முடிவாகாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று நாத்தனார் நிற்கிறார். குத்தகைக்காரர் தனக்கு என்ன என்று கேட்கிறார். இதற்கு நடுவில் பக்கத்து நிலத்துக்காரர் வரப்புக் கல்லை எங்கள் பக்கம் இரண்டடி தள்ளி நட்டிருக்கிறார். படிவத்தைத் திருப்பிக் கொடுக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா, வழக்குப் போடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தொகை, பங்கு, குத்தகை, வரப்பு என்று நான்கு தகராறு அதில் இருக்கிறது. ஆனால் எனக்கு அதிகம் கவலை தந்தது நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. கணக்கெடுக்க வந்தவர்கள் உங்கள் நிலத்தில் என்னென்ன இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்கள்? அதன் நகல் உங்களிடம் இருக்கிறதா?

கையெழுத்தா வழக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று வாரத்தில் இரண்டும் வேண்டாம். பட்டியலைப் பிடியுங்கள். விலைக்கான சண்டையைப் பிறகும் போடலாம், அதற்குப் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் மேல்முறையீட்டு வழி உண்டு. பட்டியலில் விட்டுப்போனதை அப்புறம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. மண் கொட்டி மேடாக்கிய பிறகு அங்கே ஒரு கிணறு இருந்தது என்பதற்கு யார் சாட்சி?

இதை நான் என் சொந்தத் தவறிலிருந்து சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நீர்த்தேக்கத் திட்டத்தின் கணக்கெடுப்புக் குழுவில் இருந்தேன். ஒரு விவசாயியின் கிணற்றடிக்குப் போனபோது மோட்டாரைக் காணோம். பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. ஒரு பையன் மட்டும் நின்றான். படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு எதிரே 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த நிலத்துக்கு நடந்தேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த வரியைத் திருத்த அந்த மனிதர் இரண்டு வருடம் அலைந்தார். தூர்ந்த கிணற்றுக்கான தொகைதான் கடைசிவரை அவருக்கு வந்தது. அவர் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. கணக்கெடுப்பவன் கெட்டவனாக இருக்க வேண்டியதே இல்லை, ஒரு நாளைக்கு நாற்பது நிலம் பார்த்தாக வேண்டியவனாக இருந்தால் போதும்.

பெரிய அளவிலும் இதே கதைதான். உலக அணைகள் ஆணையம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், உலகம் முழுவதும் அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த இடைவெளியைப் பாருங்கள். 4 கோடி மனிதர்கள் இருந்தார்களா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. நர்மதையின் சர்தார் சரோவர் அணை விஷயத்தில், உலக வங்கி நியமித்த, பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையிலான தனி ஆய்வுக்குழு 1992இல் அறிக்கை கொடுத்தது. அது சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று இது: நீர்த்தேக்கத்தில் மூழ்கியவர்கள் 'பாதிக்கப்பட்டோர்' என்று கணக்கில் வந்தார்கள், அதே திட்டத்தின் கால்வாய்க்கு நிலம் கொடுத்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. நிலத்தை இழந்தது இருவரும்தான்.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். ஒரு நாள் காலையில் குத்தகைக்காரரையும், முடிந்தால் ஊரில் எல்லோரும் மதிக்கிற ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு நிலத்தை முழுக்கச் சுற்றி நடங்கள். கையில் நோட்டும் கைப்பேசியும் இருக்கட்டும். நட்ட கல்லுக்குள் வருவதை மட்டும் பார்க்காதீர்கள், நான்கு ஏக்கரையும் பாருங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் என்ன மரம், எத்தனை வயசு, காய்க்கிறதா, அடிமரத்தின் சுற்றளவு என்ன என்று எழுதுங்கள். சுற்றளவுக்கு ஒரு கயிறு போதும். கிணற்றின் ஆழம், விட்டம், உள்கட்டு கல்லா சிமெண்டா, இன்று தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எல்லாம் வேண்டும். மோட்டார் ஓடித் தண்ணீர் விழுவதை வீடியோவாக எடுங்கள். மண்ணுக்கடியில் போகும் குழாயைத்தான் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, என்ன அளவு என்று ஒரு படமாக வரையுங்கள். மோட்டார் அறை, வேலி, கல் வரப்பு, ஆடு மாடு கட்டும் கொட்டகை எதையும் 'இதுக்கெல்லாமா தருவார்கள்' என்று விடாதீர்கள். தருவதும் தராததும் அவர்கள் முடிவு. இருந்தது என்பது பதிவாக வேண்டும்.

இழக்கப்போகும் ஒன்றரை ஏக்கரைவிட மிஞ்சப்போகும் இரண்டரை ஏக்கர்தான் உங்கள் எதிர்காலம். ஆனால் எல்லோருடைய கண்ணும் அந்த ஒன்றரையிலேயே இருக்கிறது. நான்கு ஏக்கர் ஒரே நிலமாக இருக்கும்போது ஒரு கிணறு, ஒரு பாதை, ஒரு காவல் போதும். சாலை நடுவே ஓடியபின் கிணறு ஒரு பக்கம், பெரிய துண்டு மறுபக்கம். தண்ணீர் இல்லாத நிலம் மானாவாரி நிலம். அதன் விலை இறங்கிவிடும், விளைச்சலும் இறங்கிவிடும். இப்படித் துண்டாவதால் மீதி நிலத்துக்கு வரும் நஷ்டத்தையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. கேட்காமல் அது வந்து நான் பார்த்ததில்லை. மீதித் துண்டு பயிர் செய்யவே உதவாத அளவுக்குச் சிறிதாகிவிட்டால் அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் பல இடங்களில் வழி உண்டு. கேட்பதா வேண்டாமா என்பதை நீங்கள் யோசித்து முடிவு செய்யுங்கள்.

பணத்தைவிட முக்கியமான ஒரு கோரிக்கை இருக்கிறது. விரைவுச்சாலை என்றால் அனேகமாகத் தரைமட்டத்தில் வராது. மண் மேடு போட்டு ஆள் உயரத்துக்கு மேலே தூக்குவார்கள், இரண்டு பக்கமும் வேலி வரும். மேடு எழுவதற்கு முன் அதன் அடியில் ஒரு குழாய் புதைப்பது அவர்களுக்கு ஒரு நாள் வேலை. மேடு எழுந்து தார் போட்ட பிறகு அதே குழாய்க்காக எந்த அதிகாரியும் சாலையைத் தோண்ட அனுமதி தரமாட்டார். அதனால் இப்போதே எழுத்தில் மூன்றைக் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீர் மறுபக்கம் போக மேட்டுக்கு அடியில் ஓர் உறைக்குழாய் (தண்ணீர்க் குழாயை உள்ளே செலுத்துவதற்கான வெளிக்குழாய்), மழைத்தண்ணீர் இயல்பாக ஓடுகிற பள்ளத்தில் போதிய அளவில் ஒரு மதகு, ஆளும் மாடும் வண்டியும் கடக்க ஒரு சுரங்கப்பாதை. சுரங்கப்பாதை உங்கள் ஒருவருக்காகக் கிடைக்காது. வரிசையில் உள்ள இருபது முப்பது நிலத்துக்காரர்கள் சேர்ந்து ஒரே இடத்தில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் பக்கத்து நிலத்துக்காரரும் அதில் ஒருவர் என்பதை நினைவில் வையுங்கள்.

மதகு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வரைபடத்தில் மதகு எங்கே காட்டியிருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். நான் பார்த்த ஒரு சாலையில் ஓடைக்கு எண்பது அடி தள்ளி, மேட்டுப் பாங்கான இடத்தில் மதகு கட்டியிருந்தார்கள். முதல் பெருமழையில் மேட்டுக்கு மேற்கே இருந்த வயல்கள் பதினோரு நாள் தண்ணீரில் நின்றன. அந்த வயல்களில் ஒரு சென்டிமீட்டர்கூடத் திட்டத்துக்காக எடுக்கப்படவில்லை, அதனால் அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்பது பொறியாளரைவிட உங்களுக்குத் தெரியும். அதை மழைக்காலத்துப் புகைப்படத்தோடு சொல்லுங்கள்.

இனிப் படிவம். கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக அதை அலமாரியில் வைத்துத் தேதியைத் தவறவிட்டுவிடாதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து. கெடு முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்: கணக்கெடுப்புப் பட்டியலின் நகல் வேண்டும், இன்னின்ன விட்டுப்போயிருக்கின்றன, எங்கள் முன்னிலையில் மறுபடி அளக்க வேண்டும், மதகு, குழாய் பற்றிய எங்கள் கோரிக்கை இது. தேதி போட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். 'முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், மேற்கொண்டு உரிமை கோரமாட்டேன்' என்பது போன்ற வரி படிவத்தில் இருக்கிறதா என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் அந்த ஒரு வரி பின்னால் கேட்கும் வழியை எல்லாம் அடைத்துவிடும். தொகையை வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், ஆட்சேபணையோடு பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதி வாங்க இடமிருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள்.

கொழுந்தனார் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பொதுத் தேவைக்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரம் அநேகமாக எல்லா அரசுகளுக்கும் உண்டு. ஒரு குடும்பம் மறுத்து நின்றால் சாலை நின்றுவிடாது. ஆனால் ஊர்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் திட்டத்துக்கும் அடி விழும் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தலாம். ஜப்பானில் நரிட்டா விமான நிலையத்தை அந்த இடமான சன்ரிசூகாவின் விவசாயிகளிடம் கலந்து பேசாமலே 1966இல் அரசு முடிவு செய்தது. போராட்டத்தில் இரண்டு தரப்பிலும் உயிர்கள் போயின. விமான நிலையம் திறந்தது 1978இல். 2002இல் இரண்டாவது ஓடுபாதை திறந்தபோதும், வாங்க முடியாத நிலங்கள் குறுக்கே இருந்ததால், திட்டமிட்ட 2,500 மீட்டருக்குப் பதில் 2,180 மீட்டர்தான் போட முடிந்தது. 1995இல் பிரதமர் முராயாமா மன்னிப்புக் கேட்டார். கனடாவில் மிராபெல் விமான நிலையத்துக்கு 1969இல் சுமார் 97,000 ஏக்கர் எடுத்தார்கள். 1985இல் அதில் சுமார் 80,000 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க அரசு முன்வந்தது. நிலம் திரும்பிவிடலாம், நடுவில் கலைந்துபோன குடும்பங்களின் பதினாறு வருடத்தை யார் திருப்பித் தருவது? அதனால் இவ்வளவு அகலம் எதற்கு, உங்கள் இடத்தில் ஏன் அகலம் கூடுகிறது என்று கேட்கத் தயங்காதீர்கள். நியாயமான கேள்விதான்.

யார் பணத்தில் இந்தச் சாலை போடுகிறார்கள் என்றும் விசாரியுங்கள். இது வெறும் விவரம் இல்லை. உலக வங்கி கட்டாய மறுகுடியமர்வுக்கென்று முதல் கொள்கையை 1980இல் கொண்டுவந்தது. அதன் கடனில் நடக்கும் திட்டம் என்றால், இன்றைய அதன் விதிகளின்படி இழப்பீடு மாற்றுச் செலவின் அடிப்படையில் இருக்க வேண்டும். அதாவது இதே மாதிரி நிலத்தையும் கட்டடத்தையும் இன்று புதிதாக வாங்கவோ கட்டவோ எவ்வளவு ஆகுமோ அவ்வளவு, பதிவுச் செலவையும் சேர்த்து. பழைய கட்டடம் என்று தேய்மானம் கழிக்கக் கூடாது. இழப்பீடு கொடுத்த பிறகுதான் நிலத்தை எடுக்க வேண்டும். பத்திரம் இல்லாதவர்களுக்கும் அவர்கள் கட்டியதற்கும் வைத்ததற்கும் இழப்பீடும் உதவியும் உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் இதுபோன்ற பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கடன் இருந்தால் திட்டத்துக்குள்ளேயே குறைதீர்ப்பு அமைப்பு ஒன்று இருந்தாக வேண்டும். அங்கேயும் தீராவிட்டால் வங்கியிடமே புகார் கொடுக்கலாம். உலக வங்கியின் ஆய்வுக்குழு 1993இல் அதற்காகவே ஏற்பட்டது. உள்நாட்டுப் பணம் மட்டும் என்றால் இந்த வாசல் இல்லை, உங்கள் நாட்டுச் சட்டம்தான்.

வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். திட்டம் வந்தால் பங்காளிச் சண்டையும் கூடவே வரும். ஒன்பது வருடமாகப் பேசாமல் விட்ட பாகப்பிரிவினையை ஒரு காசோலை வந்து பேச வைக்கிறது. இதில் நாத்தனார் உங்களுக்கு எதிரி இல்லை. உங்கள் மூவரின் நிலைமையும் ஒன்றுதான், நிலம் மூவர் பெயரிலும் இல்லை. இறந்தவர் பெயரில் இருக்கும் நிலத்துக்கு யார் வேண்டுமானாலும் வாரிசு என்று வந்து நிற்கலாம், பணம் வழியிலேயே நின்றுபோகும். மூன்று பேரும் ஒன்றாகப் போய் வாரிசுச் சான்றை வாங்குங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். 'பங்கு முடிவாகும்வரை தொகை வட்டியோடு ஒரு பொதுக் கணக்கில் இருக்கட்டும், மூவர் கையெழுத்தும் இல்லாமல் யாரும் எடுக்க வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். உரிமைத் தகராறு உள்ள தொகையை இப்படித் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பது உலக வங்கி விதிகளிலும் உள்ள முறைதான். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பயிருக்கும், நீங்கள் வைத்த மரத்துக்கும், போட்ட குழாய்க்கும் உள்ள தொகை உழைத்தவருக்குப் போக வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். கணவர் இறந்தபின் உழுத பெண்ணின் பெயர் எந்தக் கட்டத்திலும் வராமல் போனதை நான் பல படிவங்களில் பார்த்திருக்கிறேன். பட்டியலில் 'பயிரிடுபவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து நிலத்துக்காரரோடு வாய்ச்சண்டை வேண்டாம். கல்லை நீங்களாகப் பிடுங்கி நடவும் வேண்டாம், அப்புறம் நகர்த்தியது நீங்கள் என்று ஆகிவிடும். பழைய அளவை வரைபடத்தை வைத்து இருவர் முன்னிலையிலும் அளக்க மனு கொடுங்கள். அளக்கும் நாளில் அவரும் நிற்கட்டும். சுரங்கப்பாதைக்கு அவர் கையெழுத்தும் உங்களுக்கு வேண்டும்.

வேலை ஆரம்பித்தால் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வருவார்கள். இயந்திரம் நிறுத்தக் கொஞ்ச நாள் இடம் கொடுங்கள், மீதி நிலத்தில் மண் எடுத்துக்கொள்கிறோம், கையில் பணம் என்பார்கள். மண் கொடுத்த நிலம் குழியாகிவிடும், மேல்மண் போனால் மறுபடி உருவாகத் தலைமுறைகள் ஆகும். மண் வேண்டவே வேண்டாம். இடம் கொடுப்பதானால் எத்தனை மாதம், மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும், என்ன நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வீடு பக்கத்தில் இருந்தால் இன்றே எல்லாச் சுவரையும் உள்ளும் புறமும், தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். உருளை இயந்திரம் அதிர்ந்து சுவர் விரிந்தால், பழைய விரிசல் என்றுதான் முதலில் சொல்வார்கள்.

பணம் வந்தபின் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளர், திட்டங்களால் பெயர்ந்தவர்கள் எப்படி ஏழையானார்கள் என்று ஆராய்ந்து எட்டு ஆபத்துகளைச் சொன்னார். நிலம், வேலை, வீடு போவது மட்டும் இல்லை, உணவு நிச்சயமில்லாமல் போவது, நோய், பொது நிலத்தில் இருந்த உரிமை போவது, அக்கம்பக்கத்து உறவு கலைவது எல்லாம் அதில் வரும். ரொக்கம் மட்டும் இவற்றைச் சரிசெய்துவிடாது என்பது அவர் அழுத்திச் சொன்னது. நிலம் கொடுத்த ஊர்களில் முதலில் ஏறுவது சுற்றியுள்ள நிலத்தின் விலைதான். தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் உங்கள் பணத்துக்குக் கிடைக்கும் நிலம் சிறுத்துக்கொண்டே போகும். நிலத்துக்கு நிலமாகத் தர வழி இருக்கிறதா என்று ஆட்சேபணை மனுவிலேயே கேளுங்கள். இல்லையென்றால் இப்போதிலிருந்தே மாற்று நிலம் பார்த்து வையுங்கள்.

கடைசியாகக் குத்தகைக்காரர். பதினைந்து வருடத்தை அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? உங்கள் வாயைத் தவிர அவரிடம் சாட்சி இல்லை. கணக்கெடுப்புக்கு ஒரு வெட்டுத் தேதி இருக்கும். அந்தத் தேதியில் யார் உழுகிறார் என்பதுதான் பதிவாகும். சில குடும்பங்கள் அதற்கு முன்பே குத்தகைக்காரரை வெளியேற்றிவிடுவார்கள். உங்கள் கொழுந்தனாரும் அந்த யோசனையைச் சொல்லலாம், இடம் கொடுக்காதீர்கள். பயிருக்கும் வாழ்வாதாரத்துக்கும் அவருக்குத் தனியாக வர வேண்டிய தொகை உங்கள் நில விலையிலிருந்து கழியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கழியாது என்றால் வீட்டில் பாதிச் சண்டை அங்கேயே தீரும். எது எப்படியானாலும், எந்த வருடத்திலிருந்து உழுகிறார், எவ்வளவு நிலம், என்ன பயிர் என்று ஒரு பக்கம் எழுதி, நீங்களும் அவரும் அவர் மனைவியும் கையெழுத்திட்டு, உங்கள் ஆட்சேபணை மனுவோடு சேர்த்தே கொடுங்கள். நிலத்தைச் சுற்றி நடக்கப் போகும் அன்று காலையிலேயே அதையும் எழுதிவிடலாம்.